எட்டு எலிகள் காத்திருந்த நேரம்

பாக்கியத்தை வேலையை விட்டு நிறுத்தியது ஒரு பாட்டுக்காக. பதினோரு வருஷமாகப் பல்கலைக்கழகத்து அனிமல் ஹவுஸில் எலிக்கூண்டு கழுவி, உமி மாற்றி, தண்ணீர் பாட்டில் நிரப்பி வந்த ஒப்பந்தப் பணியாளர் அவள். கூண்டு கழுவும்போது செல்போனில் பாட்டுப் போட்டாளாம், அந்தச் சத்தத்தில் எட்டு எலிகள் மிரண்டனவாம், மிரண்டதில் அவற்றின் ரத்தத்தில் ஒரு ஹார்மோன் ஏறிவிட்டதாம், அது ஏறியதில் ஒன்றரை வருஷத்து ஆராய்ச்சி கோணிப் போனதாம். ஒன்பது நாளைக்கு முன்னால், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் இன்னும் வரவில்லை. எழுத்தில் வர வேண்டுமானால் கூட இருந்து பார்த்த ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கூட இருந்தவள் ஒருத்திதான். அந்த எலிகளை வளர்த்து, ஊசி போட்டு, கடைசியில் கொன்றவள், ஐந்தாம் வருஷ ஆராய்ச்சி மாணவி இசக்கியம்மாள்.

மணி ஒன்று ஐம்பதுக்கு இசக்கி பிளேட்டை ஆட்டும் மெஷினில் ஏற்றினாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு குழி, எலிக்கு இரண்டு குழி வீதம் இருபத்துநாலு எலியின் சீரம், ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் அந்த வைக்கோல் நிறத் தண்ணீர். இரண்டு மணி நேரம் அது தன்பாட்டுக்கு ஆட வேண்டும். அப்புறம் கழுவி, நிறம் காட்டும் மருந்தை விட்டால் தெரிந்துவிடும். என்ன தெரிந்துவிடும், போன தடவை தெரிந்ததுதான் இந்தத் தடவையும் தெரியப் போகிறது. சோதனைக் கிட்டில் கோளாறு இருக்கலாம், இன்னொரு தடவை போட்டுப் பார் என்று சாந்தகுமாரி மேடம் சொல்லிவிட்டார். அவர் அவளுடைய கைடு, அவர் சொன்னால் போட வேண்டியதுதான். நாலே காலுக்கு மேடமே லேபுக்கு வருவார், அவள் கையெழுத்துப் போட வேண்டிய கடிதத்தோடு. ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் இடுப்பு வலிப்பது தெரிந்தது. கையுறையைக் கழற்றினால் விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துக் கிடந்தது, துணி துவைத்த கை மாதிரி. சாப்பிடவில்லை. ஹாஸ்டல் மெஸ் ஒன்றரைக்கே மூடியிருக்கும். பசிக்கவும் இல்லை, அதுவும் ஒரு அலுப்புதான், பசிப்பதற்குக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறது. மெஷின் டக்கு டக்கு என்று ஆடியது. ஐந்து வருஷமாக இந்தச் சத்தம். ஐந்து வருஷமாக ஏதாவது ஒன்று ஆடி முடிக்கட்டும் என்று ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருக்கிறாள். முதல் பேட்ச் எலிகள் ஏசி நின்று ஒரே மத்தியானத்தில் செத்தன. அன்றைக்கு மேடம்தான் பக்கத்தில் உட்கார்ந்து, அழுது முடிம்மா, அப்புறம் பேசலாம் என்றார். அதையும் மறந்துவிடக் கூடாது. மேடம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்த மத்தியானம் எவ்வளவு சுலபமாகப் போயிருக்கும்.

அவளுக்கு வனஸ்பதி வாடை ஞாபகம் வந்தது, ஞாபகம்தானா அல்லது இன்னும் தலைமுடியில் இருக்கிறதா தெரியவில்லை. பதினாறு வாரம் இந்த மேஜையில் வனஸ்பதியும் தேங்காய் எண்ணெயும் மூன்றுக்கு ஒன்று கலந்து, தீனி மாவில் பிசைந்து, உருண்டை உருட்டியிருக்கிறாள். பாட்டிலில் பழச்சர்க்கரை கரைத்த தண்ணீர். எட்டு எலிக்கு அதுதான் சாப்பாடு. இன்னொரு எட்டுக்கு அதே சாப்பாடும் மேற்கொண்டு ஆவாரம்பூச் சாறும். மிச்ச எட்டு கன்ட்ரோல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒன்றுமே செய்யாமல் வைத்திருப்பது, அவற்றுக்குச் சாதாத் தீனி, சாதாத் தண்ணீர். பாக்கியம் அக்கா வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி, என்ன பாப்பா ஸ்வீட் ஸ்டால் போட்டுட்டியா என்பாள். அந்த எட்டுக்கும் மட்டும் எதுக்கு பத்தியச் சாப்பாடு, அது என்ன பாவம் பண்ணுச்சு என்பாள். பத்தாவது வாரத்தில் கொழுப்புத் தின்றவை உருண்டு திரண்டு கூண்டில் திரும்ப முடியாமல் திரும்பியபோது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அக்காவுக்கே ஏழு வருஷமாக சுகர். இதுங்களுக்கு வந்திருக்கிறது எனக்கு வந்ததுதானா என்று கேட்டாள். அதேதான் அக்கா, சுகர், பிரஷர், கொழுப்பு, தொப்பை எல்லாம் ஒரே கூட்டாளிங்க, ஒண்ணா வரும் என்று இசக்கி சொன்னாள். லெப்டினைப் பற்றிக்கூடச் சொன்னாள். உடம்பிலுள்ள கொழுப்பே ஒரு ஹார்மோனை அனுப்பி மூளைக்குப் போதும் போதும் என்று சொல்லும், கொழுப்பு கூடக் கூட அந்தச் சத்தமும் கூடும், ஒரு கட்டத்துக்கு மேல் மூளை அதைக் காதில் வாங்கிக்கொள்வதை நிறுத்திவிடும், அப்புறம் தின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். பாக்கியம் தலையாட்டினாள். எங்க வீட்டுக்காரருக்கு நான் சொல்றது மாதிரின்னு சொல்லு என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எலிகளும் அப்போது அங்கேதான் இருந்தன. பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா உள்ளே வந்தாலே கன்ட்ரோல் எட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும், மீசை மீசையாய் வெளியே நீட்டிக்கொண்டு. மிரண்ட எலி மூலையில் போய் ஒடுங்கும், எழுந்து நின்று வரவேற்காது. இதை யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை என்றால் நீ சொல்லியிருக்கலாமே. சொல்லியிருக்கலாம்.

முதல் தடவை ரிசல்ட் வந்ததும் மேடம் கூட்டிய கூட்டத்தில் நடந்ததை இசக்கி மறுபடி மறுபடி மனதில் ஓட்டினாள், ஒவ்வொரு தடவையும் தான் எழுந்து நின்று பேசுவதாக. இன்சுலின் சரியாக வந்திருந்தது, கொழுப்புத் தின்றவற்றில் ஏறி, ஆவாரம்பூ குடித்தவற்றில் இறங்கி, கன்ட்ரோலில் அடங்கி. லெப்டினும் அப்படியே. கார்டிகோஸ்டிரோன் மட்டும் தலைகீழ். பயத்துக்கும் தவிப்புக்கும் ஊறுகிற ஹார்மோன் அது. கொழுப்புத் தின்றவற்றில் கூடியிருக்க வேண்டும், கன்ட்ரோலில் குறைந்திருக்க வேண்டும். வந்ததோ, ஒன்றும் செய்யாமல் வைத்திருந்த எட்டு எலிகளில்தான் எல்லாவற்றையும்விட அதிகம், இரண்டு மடங்கு. மேடம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாராவது இதுங்களைத் தொந்தரவு பண்ணியிருக்கணும் என்றார். அனிமல் ஹவுஸில் பாட்டுச் சத்தம் கேட்பதாக அடுத்த டிபார்ட்மென்டிலிருந்து போன வருஷமே ஒரு புகார் இருந்தது, அது நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான், கதை முடிந்தது. ஏஜென்சி சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்கள், அவர் பாக்கியத்தைக் கூப்பிட்டார், பாட்டுப் போட்டியா, போட்டேன் சார். அங்கே இசக்கி எழுந்து கேட்டிருக்க வேண்டும், மேடம், ஒரே அறை, ஒரே ரேக், மேல் தட்டு கொழுப்பு, நடுத் தட்டு ஆவாரம்பூ, கீழ்த் தட்டு கன்ட்ரோல். மேல் இரண்டு தட்டுக்குக் காதில்லையா. பாட்டென்ன ஆள் பார்த்தா போய்ச் சேரும். சம்பளப் பதிவேட்டில் பெயர் இல்லாதவள் என்றால் காரணமும் தேட வேண்டாமா. ஒரு பேராசிரியர் செல்போன் அந்த அறையில் அடித்திருந்தால் அதை ஹார்மோன் கணக்கில் சேர்ப்பீர்களா. இப்படி நாலு கேள்வி, எட்டுக் கேள்வி, அத்தனையும் அடுக்கி வைத்திருந்தாள். ஹாஸ்டல் கேட்டை மாலை ஆறு மணிக்கு மூடக் கூடாது என்று பதிவாளர் முன்னால் நாற்பது நிமிஷம் பேசியவள். ஆடிட்டோரியத்தில் மைக்கைப் பிடுங்கியவள் என்று ஜூனியர்கள் இன்னும் சொல்கிறார்கள். அந்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. ஏனென்றால் பாட்டு இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் வேறு என்ன. வேறு என்ன என்பது அவளுக்குத் தெரியும்.

டீ. டீ குடிக்கப் போனோம். எலிகளைக் கொன்ற அன்றைக்கு விடிகாலையிலிருந்து நின்றுகொண்டே வேலை, ஏழரைக்கு ஆரம்பித்து மேல் தட்டு எட்டையும் நடுத் தட்டு எட்டையும் முடித்தாயிற்று, பத்து இருபத்தைந்து, கை நடுங்கியது, பாக்கியம் அக்காவைப் பார்த்து, அக்கா ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம் என்றாள். இதில் என்ன தப்பு. எந்த லேபில் டீ குடிக்காமல் வேலை நடக்கிறது. மயக்க ஜாடியில் எலியை வைத்து, அது துவண்டதும் எடுத்து, ரத்தம் பிடித்து, கல்லீரல் எடை பார்த்து, குழாயில் பெயர் எழுதி, பதினாறு தடவை. கை நடுங்கினால் ரத்தம் சிதறும், சிதறினால் சீரம் சிவந்துவிடும், ஆகவே நிறுத்தியது ஆராய்ச்சியின் நன்மைக்காகத்தான். சரி. டீ குடிக்க எவ்வளவு நேரமாகும். கேன்டீன் இருபது அடியில். ஊதி ஊதிக் குடித்தாலும் பத்து நிமிஷம். பத்து இருபத்தைந்துக்குப் போனவள் பன்னிரண்டு ஐந்துக்குத் திரும்பி வந்தாள். இங்கேதான் ஒவ்வொரு தடவையும் முட்டிக்கொள்கிறது. மனம் டீ வரைக்கும் வழுக்கிக்கொண்டு வருகிறது, அப்புறம் அந்த ஒன்றரை மணி நேரத்தில் இடித்துக்கொண்டு நிற்கிறது, திரும்பி மறுபடி ஏழரையிலிருந்து ஆரம்பிக்கிறது. மெஷினைப் பார்த்தாள். இரண்டு நாற்பது. இன்னும் ஒரு மணி பத்து நிமிஷம். யாரோ தாழ்வாரத்தில் தண்ணீர் கேனை உருட்டிக்கொண்டு போனார்கள்.

அம்மா போன் பண்ணினாள். டீக்கு முன்னால் அது இருக்கிறது. பத்துப் பத்துக்கு, இடது கையில் போனை வைத்துக்கொண்டு, வலது கையில் ரத்தக் கையுறையோடு பேசினாள். ஊரிலிருந்து அம்மா, எப்போதும் போல, சாப்பிட்டியாட்டி என்று ஆரம்பித்து, இன்னைக்கு அந்த வேலையா என்று கேட்டாள். கொல்லுகிற வேலை என்று அம்மா சொல்ல மாட்டாள், அந்த வேலை என்பாள். லேபில் அதற்கு சாக்ரிஃபைஸ் என்று பேர், ஒரு தடவை அதை அம்மாவிடம் சொன்னபோது, அப்படீன்னா பலிதானட்டி, நாங்களும் அதத்தான சொல்லுதோம் என்றாள். வெள்ளிக்கிழமை. பத்தரை பன்னெண்டு ராகு காலம், அந்த நேரத்துல மட்டும் உசிரு ஒண்ணையும் எடுக்காத மக்கா, ஏற்கெனவே ஒரு தடவை எல்லாம் செத்துப் போச்சு, ஒனக்கும் வயசு ஏறுது, இந்தத் தடவையாவது நல்லபடியா முடியட்டும். போங்கம்மா என்று வைத்துவிட்டாள். வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள், பத்துப் பதினெட்டு. பதினாறாவது எலியை முடித்தாள், பத்து இருபத்தைந்து. கீழ்த் தட்டிலிருந்து கன்ட்ரோல் எட்டையும் பாக்கியம் அக்கா கொண்டுவந்து கதவோரம் வரிசையாய் வைத்துவிட்டிருந்தாள். முதல் கூண்டின் மூடியில் கை வைத்தாள். கை வைத்தவள் எடுத்தாள். ஏசி நின்ற மத்தியானம் கண்ணில் வந்தது, கதவைத் திறந்ததும் அடித்த வெக்கை, அத்தனை கூண்டிலும் அத்தனையும் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது. இன்னொரு தடவை அப்படி ஆனால் அவளிடம் வருஷம் இல்லை. டீ குடிச்சிட்டு வந்துடலாம் என்று வாய் சொன்னது. கேன்டீனில் இரண்டாவது டீ வாங்கியபோதுதான் பாக்கியம் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். ஓஹோ என்றாள். நீ சாமியே இல்லங்கிற ஆளாச்சே பாப்பா. இசக்கி, கால் வலிக்கு அக்கா என்றாள். வலிக்கட்டும், பன்னெண்டு வரைக்கும் வலிக்கட்டும் என்று அக்கா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

சிரிப்பு வருகிற விஷயமா அது. ஆமாம், அப்போது சிரிப்புதான். இதே லேபில், அதற்கு முந்தைய ஆயுத பூஜைக்கு, மேடம் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜுக்குச் சந்தனம் தெளித்துக் குங்குமம் வைத்துப் பொரிகடலை படைத்தபோது, இசக்கி எல்லார் முன்னாலும் கேட்டாள், சந்தனம் வெச்சா நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுத்து பன்னிரண்டாயிரம் ஆகுமா மேடம். ஜூனியர்கள் சிரித்துவிட்டார்கள். பொரியை வாயில் போட்டுக்கொண்டே சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. பொட்டு வைத்த விரலைத் துடைத்துக்கொண்டே, உனக்கும் ஒரு நாள் பயம் வரும் இசக்கி, அன்னைக்கு நான் கேக்கறேன் என்றார். சாபம் மாதிரிச் சொல்லவில்லை, களைத்துப் போய்ச் சொன்னார். அதற்கு இசக்கி உடனே ஒரு பதில் சொன்னாள், அது என்ன பதில் என்று இப்போது யோசித்தால் வரவில்லை, நல்ல பதிலாகத்தான் இருந்திருக்கும், அவளிடம் நல்ல பதிலுக்கா பஞ்சம். ராகு காலத்தில் ஹார்மோன் ஏறாது. அது நிச்சயம். நேரத்துக்கு அந்தச் சக்தி இல்லை. ஆனால் காத்திருப்பதற்கு இருக்கிறது. எலி பகலில் தூங்குகிற பிராணி, அதன் கார்டிகோஸ்டிரோன் காலையில் அடியில் கிடக்கும், நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போகும், இதை முதல் வருஷ மாணவிகூடச் சொல்லுவாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து எட்டும் பட்டினி, ரத்தம் எடுக்கிற அன்று தீனி கிடையாது, அதுவே பதினாறு மணி நேரத்துக்கு மேல் நீண்டது. எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கதவோரம். பதினாறு எலியின் ரத்தம் சிந்திய மேஜைக்கு நாலு அடியில், துடைக்காத மேஜை, டீ குடித்துவிட்டு வந்து துடைக்கலாம் என்று விட்டுவிட்டுப் போன மேஜை. மனுஷிக்கே வாடை அடித்தது. எலிக்கு மூக்குதான் கண். அந்த ஒன்றரை மணி நேரம் அவை எங்கே நின்றிருக்கும், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்காது. மூலையில் ஒன்றோடொன்று ஒட்டி, ஒன்றுக்கு அடியில் ஒன்று தலையை நுழைத்துக்கொண்டு. பன்னிரண்டு ஐந்துக்கு வந்து முதல் கூண்டைத் திறந்தபோது அப்படித்தான் இருந்தன. அவள் பார்த்தாள். பார்த்ததை நினைக்க நேரமில்லை, நல்ல நேரம் வந்துவிட்டதே, வேலையை ஆரம்பித்தாள். யாருக்கு நல்ல நேரம்.

லேப் நோட்டு இருக்கிறது. எதிரே அலமாரியில், நீல அட்டை. அன்று சாயங்காலம் ஒரே மூச்சில், ஒரே பேனாவில், எலிக்குப் பத்துப் பதினோரு நிமிஷம் வீதம் ஏழரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் நேரத்தை வரிசையாய் எழுதிவிட்டாள். கன்ட்ரோல் முதல் எலி, பத்து முப்பத்தைந்து. பொய் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. இடைவெளி என்று எழுதினால் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் என்ன எழுதுவது. டீ என்று எழுதினால் ஒன்றரை மணி நேர டீயா என்று கேட்பார்கள், மற்றதை எழுதுவதற்குக் கை வராது. அவள் கை வராது. வேறு எவள் கையாவது வந்திருக்கும், ஜூனியர் பிள்ளைகள் ராகு காலத்துக்கு முன்னால் ஆரம்பித்துவிடுகிறோம் மேடம் என்று வெளிப்படையாய்ச் சொல்லிவிட்டுப் போவார்கள், அவர்கள் நோட்டில் நேரம் சரியாக இருக்கும். வெட்கத்தில் போன ஒரு கட்டம். வெட்கம் என்றுகூடச் சொல்ல முடியாது, கெத்து. அந்தக் கெத்துக்கு இன்னொருத்தி வேலை. இத்தோடு விடுமா என்றால் விடாது. ஒன்றரை மணி நேரம் கூடுதல் பட்டினி கிடந்தால் இன்சுலினும் கூடுதலாய் இறங்கும். கன்ட்ரோலில் இன்சுலின் அவ்வளவு அழகாக அடங்கியிருந்ததே, மேடம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு டெக்ஸ்ட்புக் மாதிரி இருக்கு இசக்கி என்றாரே, அந்த அழகில் எவ்வளவு எலியுடையது, எவ்வளவு கேன்டீனுடையது. ஆகவே உண்மையைச் சொன்னால் ஒரு ஹார்மோனோடு போகாது. எட்டு எலி போகும், எட்டு போனால் ஒப்பிட ஆளில்லாமல் இருபத்துநாலும் போகும். புதுசாய் எலி கேட்டு, கமிட்டி அனுமதி வாங்கி, மறுபடி வனஸ்பதி, மறுபடி பதினாறு வாரம். கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் எதுவும் போகாது. சத்தத்தால் அந்த ஒரு ஹார்மோன் கெட்டுப் போயிற்று என்று இரண்டு வரி எழுதி அதை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதை வைத்து தீசிஸ் கொடுத்துவிடலாம். பாக்கியம் அக்காவுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்காதா. கிடைக்கும், கிடைக்கலாம், நாற்பத்தொன்பது வயது, சுகர், காலில் ஆறாத புண் ஒன்று. கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் அவளுக்கு நாமே ஒரு வேலை பார்த்துக் கொடுக்கலாம். இதை நினைத்தவள் யார். இசக்கியா இதை நினைத்தது. ஆடிட்டோரியத்தில் மைக் பிடித்தவளா. மனுஷிக்குள் இன்னொருத்தி இவ்வளவு நிதானமாய் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஐந்து வருஷ அலுப்பு அவளுக்கு மடியாய்க் கிடைத்திருக்கிறது.

மெஷின் கத்தியது. மூன்று ஐம்பது. எழுந்தாள், கால் மரத்துப் போயிருந்தது. பிளேட்டைக் கவிழ்த்துத் தட்டினாள், கழுவினாள், தட்டினாள், ஐந்து தடவை. நிறம் காட்டும் மருந்தை வரிசை வரிசையாய் விட்டு, வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளால் மூடினாள். பதினைந்து நிமிஷம். அந்தப் பதினைந்து நிமிஷம்தான் தாங்கவில்லை. போனை எடுத்தாள். மூன்று நாளாய்த் திறக்காத குரல் செய்தி ஒன்று கிடந்தது, பாக்கியம் அக்காவிடமிருந்து, நாற்பத்தெட்டு வினாடி. திட்டியிருப்பாள். திட்டினால் நல்லது. அழுதிருப்பாள், அதுதான் பயம். காதில் வைத்துக்கொண்டாள்.

"பாப்பா, பாக்கியம் பேசுறேன். போன் எடுக்கல, வேலையா இருப்ப. சூப்பர்வைசரு கேட்டாரு, பாட்டு போட்டேன்னு ஒத்துக்கிட்டேன், போட்டது போட்டதுதான. வேற எதுவும் சொல்லல. அன்னைக்கு நீ ராகு காலத்துக்கு உக்காந்தியே, அதச் சொல்லல. அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா உன்ன ஓட்டித் தள்ளிரும். அது நமக்குள்ள இருக்கட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லு. அந்த எட்டும் என்னப் பாத்துப் பயந்துச்சுங்கறாங்களே, நெசமா பாப்பா? எங்கிட்ட ஒரு நாளும் பயந்ததில்லியே."

பின்னால் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, வீட்டில் யாரோ போட்டது, அதுவும் பாதியில் நின்றது. இசக்கி போனை மேஜையில் குப்புற வைத்தாள். வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்கா, எது முக்கியம் என்று தெரியாமலேயே அதைப் பத்திரமாகக் கட்டிக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள், ஒரு படித்த பெண்ணின் மானம் போய்விடக் கூடாது என்று. அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை திரும்பக் கிடைத்திருக்கும் என்று அவளுக்கு யார் சொல்வது. அலுமினியத் தாளை எடுத்தாள். இந்தக் கிட்டில் ஹார்மோன் கூடினால் நிறம் குறையும். மேல் வரிசைகள் நல்ல நீலம். கன்ட்ரோல் வரிசையின் பதினாறு குழியும் வெளிறிக் கிடந்தன, கழுவின நீலம். நிறுத்தும் திரவத்தை விட்டதும் எல்லாம் மஞ்சளாயின, கன்ட்ரோல் மட்டும் மஞ்சள் என்று சொல்ல முடியாத ஒரு மஞ்சள். கிட்டில் கோளாறில்லை. ரத்தம் சொன்னதையே மறுபடி சொன்னது.

மேடம் நாலு இருபதுக்கு வந்தார். மூட்டு வலி, மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. பிளேட்டைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். கடிதத்தை மேஜையில் வைத்து, மேலே பேனாவையும் வைத்தார். எலிகள் இருந்த அறையில் தொடர்ந்து பாட்டுச் சத்தம் இருந்ததை நான் அறிவேன். ஒரே வாக்கியம், அதுவும் உண்மையான வாக்கியம். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, அதுதான் அதன் சாமர்த்தியம். இசக்கி பேனாவை எடுக்கவில்லை. மேல் தட்டும் கீழ்த் தட்டும் ஒரே அறைதானே மேடம் என்றாள். எனக்கும் தெரியும் என்றார் மேடம். அவர் குரலில் கோபம் இல்லை, அவருக்கும் அலுத்துவிட்டது, ஓய்வு பெற இரண்டு வருஷம், கடைசி ஸ்காலர். "சத்தம் இல்லேன்னா வேற என்ன? நீதான் எல்லாத்துக்கும் காரணம் கேக்கறவளாச்சே. ஒரு காரணம் சொல்லு, இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்."

"நோட்ல எழுதியிருக்கிற நேரம் பொய் மேடம். கன்ட்ரோல் எட்டையும் பத்தரைக்கு எடுக்கல. பன்னெண்டு அஞ்சுக்குத்தான் ஆரம்பிச்சேன். அதுவரைக்கும் அதுங்க கதவோரத்துல இருந்துச்சு, மேஜைகூடத் துடைக்கல. பாட்டு இல்ல, அக்கா இல்ல. நான்தான்."

மேடம் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொள்ளவில்லை. இன்சுலின் படத்தை அவர் மனதில் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது, டெக்ஸ்ட்புக் மாதிரி இருந்த படம். கூட்டிக் கழிக்க அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. இருபத்துநாலும் என்றார், தனக்குத்தானே. ஆமாம் மேடம். தாழ்வாரத்தில் மறுபடி யாரோ கேன் உருட்டிக்கொண்டு போனார்கள்.

"ஒன்றரை மணி நேரம்," என்றார் மேடம். "அதுங்களை வெளியில எடுத்து வெச்சிட்டு, ஒன்றரை மணி நேரம் நீ என்னதான் பண்ணிட்டிருந்தே?"

டீ என்கிற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வந்து அங்கேயே நின்றது. சென்ட்ரிஃப்யூஜ் மூடியின் ஓரத்தில், எத்தனை துடைத்தும் போகாத ஒரு குங்குமக் கறை இன்னும் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ராகு காலம் மேடம். போகட்டும்னு உட்கார்ந்திருந்தேன்."